பிரைட்டன் சாரின் நாற்பது மில்லிவோல்ட்

டாக்டர் பிரைட்டன் பொன்னுதுரைக்கு வருகிற மாதம் பணிநிறைவு விழா. மலர் போடுகிறார்களாம். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் ‘நான் அறிந்த பிரைட்டன் சார்’ என்று எழுதித் தர வேண்டுமாம். தூத்துக்குடியில் எங்கள் கல்லூரியின் வேதியியல் துறையில் இருபத்தொன்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு, போன மே மாதம் ஓய்வு பெற்றவள் நான். பெயர் அற்புதமணி. என்னிடமும் கேட்டார்கள். நான் அறிந்த பிரைட்டன் சார் ஒரு பக்கத்தில் அடங்கமாட்டார். அடங்கினாலும் அவர்கள் போடமாட்டார்கள். அதனால் என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் நாசரேத். தாத்தா உபதேசியார், அப்பா தலைமையாசிரியர், அம்மா டீச்சர். மூன்று தலைமுறைப் படிப்பும் மொத்தமாக இவர் தலைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் இரண்டு வரிக்கு ஓடும். கல்யாணப் பந்தியானாலும் துஷ்டி வீடானாலும் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் வார்த்தை, “ஐ ஆம் அன் எலக்ட்ரோகெமிஸ்ட்.” அந்த அப்பாவி, “அப்படின்னா என்ன சார்?” என்று கேட்டுவிட்டால் போச்சு. இலையில் சாம்பார் ஆறி ஏடு கட்டும்வரை விடமாட்டார்.

நானும் அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர் அரை மணி நேரத்தில் குழப்புவதை நான் பத்து வரியில் சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டர் போர்டிலும், துறைமுகத்துப் பக்கம் காயலான் கடைகளில் குவிந்து கிடக்கிற மோட்டார் கம்பியிலும் செம்பு இருக்கிறது. அதைச் சூளையில் போட்டு உருக்காமல், கிளைசின் என்கிற சாதுவான பொடியும் கொஞ்சம் காரமும் கலந்த தண்ணீரிலேயே கரைத்து எடுக்கலாம். எந்த நிலையில் செம்பு கரையத் தொடங்குகிறது, எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை மின்சாரத்தை வைத்துப் பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மூன்று எலக்ட்ரோடுகளை இறக்குவார்கள். ஒன்று செம்பு. இன்னொன்று மின்சாரம் போய்வருவதற்கான பிளாட்டினம். மூன்றாவது ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு. பென்சில் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே வெள்ளிக் கம்பி, கம்பியைச் சுற்றி உப்புக் கரைசல், நுனியில் நுண்ணிய துளைகள் உள்ள ஓர் அடைப்பு. அது வேறு வேலை எதுவும் செய்யாது. அசையாமல் நிற்கும். அதை வைத்துத்தான் மற்றதை அளப்பார்கள். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், செம்பு கரைகிற இடத்தில் கம்ப்யூட்டர் திரையில் கோடு எழும்பி ஒரு மேடு விழும். அந்த மேடு எத்தனை மில்லிவோல்ட்டில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு கெட்டுப்போனால் மேடு இடம் மாறியதுபோலத் தெரியும். செம்பு என்னவோ பழையபடிதான் கரைந்துகொண்டிருக்கும்.

இருபத்தாறு வருஷம் பிரைட்டன் மேடுகளைப் பார்த்தார். அவர் பார்த்த மேடெல்லாம் வேறு யாரோ ஏற்கெனவே பார்த்து எழுதி வைத்தது. சொந்தமாக என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதற்கிடையில் துறைத்தலைவர் பதவி, அவருக்கு நான்கு வருஷம் இளையவரான ராஜகோபாலனுக்குப் போய்விட்டது. ராஜகோபாலன் ஒன்றும் பெரிய மேதை இல்லை. ஆனால் கொடுத்த ஃபைலை அன்றைக்கே பார்த்துத் திருப்பி அனுப்புகிற மனிதர். அந்த நாளிலிருந்து பிரைட்டன் துறைத்தலைவர் அறை வாசலை மிதிப்பதில்லை. கழிப்பறைக்குப் போவதென்றாலும் அந்த அறையைத் தாண்ட வேண்டும் என்பதற்காக மாடியைச் சுற்றிக்கொண்டு போவார். நாங்கள் எண்ணியிருக்கிறோம், அறுபத்திரண்டு படி.

அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தவள் பத்மப்ரியா. ஆழ்வார்திருநகரிப் பெண். அப்பா பெருமாள் கோயிலில் கைங்கரியம். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, ஒன்பது மணிக்கெல்லாம் லேபில் இருப்பாள். அதிகம் பேசமாட்டாள். எந்தக் கண்ணாடிச் சாமானை வாங்கிப் போனாலும் கழுவித் துடைத்துத் திருப்பித் தருகிற ஒரே ஆள் என்பதால் எனக்கு அவளைப் பிடிக்கும். பல்கலைக்கழகம் அவளுக்குக் கொடுத்திருந்தது ஐந்து வருஷம். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும், அதில் கைடு பிரைட்டனின் கையெழுத்து இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஐந்து வருஷமும் காற்றில் போகும்.

இரண்டாம் வருஷ ஆரம்பத்தில் ஒரு நாள் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடுக்குள் இருந்த கரைசல் வற்றிவிட்டது. அதற்குள் ஊற்ற வேண்டியது பொட்டாசியம் குளோரைடு கரைசல். அதைக் கேட்டு பத்மப்ரியா ஸ்டோருக்கு இண்டென்ட் சீட்டு எழுதிக்கொண்டு வந்தாள். பிரைட்டன் கையெழுத்து இருந்தது, துறைத்தலைவர் கையெழுத்து இல்லை.

“ஹெச்.ஓ.டி. கையெழுத்து இல்லாம பாட்டில் வெளிய போவாதுளா” என்றேன்.

அவள் போன ஐந்தாவது நிமிஷம் பிரைட்டனே வந்து நின்றார். அவளும் பின்னால் நின்றாள்.

“என்னம்மா அற்புதமணி, ஒரு உப்புக்குப் போயி அந்த ஆளு கையெழுத்தக் கேக்கியே?”

“ரூல் சார்.”

“லாரி லாரியா இந்தியாவுக்கே நம்ம ஊருதான் உப்பு குடுக்கு. நான் போயி உப்புக்கு அந்த ஆளு வாசல்ல நிக்கணுமோ? குளோரைடுதானே வேணும்? எல்லாம் குளோரைடுதான்.” திரும்பி அவளைப் பார்த்தார். “பத்மா, நம்ம மச்சான் ஜெஃப்ரி உப்பளத்துல இருந்து நாளைக்கு ஒரு பை வரும். அதக் கரைச்சு ஊத்து.”

“சார், புக்ல பொட்டாசியம் குளோரைடுன்னு போட்டிருக்கு...”

“புக்க எழுதினவன் தூத்துக்குடிக்காரனா?”

மறுநாள் பை வந்தது. பளபளவென்று கல் உப்பு. உப்பளத்து உப்பை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் நசநசவென்று தண்ணீர் விடும் என்பது இந்த ஊரில் சமையல் செய்கிற எல்லோருக்கும் தெரியும். உப்போடு கூடவே வேறு என்னவோ சேர்ந்திருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? பட்டங்கள் இரண்டு வரிக்கு ஓடுகிற மனிதருக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் வாயைத் திறக்கவில்லை. இந்த மனிதர் மூக்கு உடைபடுவதைப் பார்க்கலாமே என்றிருந்தது.

உடைபடவில்லை. நேர்மாறாக நடந்தது. உலகத்தில் எல்லோருக்கும் விழுகிற இடத்தைவிட நாற்பது மில்லிவோல்ட் குறைவான இடத்தில் இவருக்கு மேடு விழுந்தது. அதாவது, இவருடைய கரைசலில் செம்பு மற்றவர்களுடையதைவிடச் சுலபமாகக் கரைகிறது என்று அர்த்தம். வேறு யாராக இருந்தாலும் முதலில் எலக்ட்ரோடைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். பிரைட்டன் மக்ரூன் வாங்கினார். துறை முழுக்கக் கொடுத்தார். அட்டெண்டர் தேவபிரசாதத்திடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து ராஜகோபாலன் மேஜையில் வைக்கச் சொன்னார். அந்த நாற்பதுக்கு ‘பிரைட்டன் ஷிஃப்ட்’ என்று அவரே பெயரும் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார். சபைப் போதகரான ஐயரவாள், தாம் எதற்காக வேண்டுகிறோம் என்றே தெரியாமல், நாற்பது மில்லிவோல்ட்டுக்காக ஜெபம் பண்ணினார். நானும் அங்கேதான் இருந்தேன், ஆமென் சொன்னேன்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கருத்தரங்கு, பேட்டி, சால்வை. மழைக்காலத்தில் நாற்பது ஐம்பத்தைந்தாகும், கோடையில் முப்பத்தைந்துக்கு இறங்கும். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ஒரு கட்டுரையில் ‘வடகிழக்குப் பருவமழையின் தாக்கம்’ என்று தனித் தலைப்பே போட்டார். கதவு ஜன்னலை அடைத்த அறையில், மூடி போட்ட குவளைக்குள் பருவமழை எப்படிப் புகுந்தது என்று ஒரு ஆத்மாவும் கேட்கவில்லை.

கேட்டது பத்மப்ரியா மட்டும்தான். வாயால் கேட்கவில்லை. தேதி வாரியாக ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஐந்தாம் வருஷம் செப்டம்பரில், ஆய்வேட்டைக் கொடுக்க ஆறு மாதமே இருக்கையில், திருநெல்வேலியில் படிக்கிற தோழியிடம் ஒரு நல்ல ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடை இரவல் வாங்கி, பஞ்சில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். ஸ்டோருக்கு வந்து என்னிடம் மல்டிமீட்டர் கேட்டாள். சோதனையை என் மேஜையிலேயே வைத்துச் செய்தாள். லேபில் செய்தால் பிரைட்டன் பார்த்துவிடுவாரே.

ஒரு பீக்கர் தண்ணீரில் தோழி கொடுத்த பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து, பழையதையும் புதியதையும் அதில் நிறுத்தி, மீட்டரின் இரண்டு முனைகளையும் மாட்டினாள்.

“ரெண்டும் ஒரே ஜாதி எலக்ட்ரோடுக்கா. சரியா இருந்தா சைபர் காட்டணும். ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருக்கலாம்” என்றாள்.

மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது.

முனைகளைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். நாற்பத்தொன்று. பத்து நிமிஷம் காத்திருந்தோம். அப்போதும் நாற்பத்தொன்று. பழைய எலக்ட்ரோடின் நுனியை ஊசியால் சுரண்டினாள். சுண்ணாம்புபோல் வெள்ளையாக என்னவோ வந்தது.

“மக்னீசியம்கா. உப்பளத்து உப்புல இருக்கிறதுதான். காரத்துல படவும் இப்படி இறுகி நுனிய அடைச்சிருக்கு.” ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “மூணு வருஷம்கா. நூத்தி எண்பது கிராஃப். ஒண்ணுகூட நெசம் இல்ல.”

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பிரைட்டன் ஷிஃப்ட்டாம்! மச்சான் உப்பு செய்த வேலை! சிரித்தேவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தபோதுதான் அந்த நூற்றெண்பதும் இவள் போட்ட கிராஃப் என்பது எனக்கு உறைத்தது.

“பேசாம எழுதிக் குடுத்துட்டுப் போயேன்ளா. இன்னும் ஆறு மாசம். யாரு கண்டா?”

“தெரியாம எழுதினா பரவாயில்ல. தெரிஞ்சே பொய்ய எழுதி டாக்டர்னு போட்டுக்க எனக்கு வராதுக்கா.”

அன்றைக்கே போய் அவரிடம் சொன்னாள். பிரைட்டன் மீட்டரைப் பார்த்தார், பீக்கரைப் பார்த்தார், திருநெல்வேலி எலக்ட்ரோடைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு தீர்ப்பு சொன்னார். “தப்பு இந்தப் புதுசுலதான் இருக்கு. நம்மது மூணு வருஷமா ஒழுங்காத்தானே காட்டுது? இது பஸ்ல குலுங்கியிருக்கும்.” நாற்பது மில்லிவோல்ட் இல்லாத ஆய்வேட்டில் தன் கையெழுத்து விழாது என்றும் சொல்லிவிட்டார்.

பத்மப்ரியா பிரின்சிபாலுக்கு இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிரின்சிபால் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். அதற்குள் பிரைட்டன் விசாரித்துவிட்டார் போலிருக்கிறது. எலக்ட்ரோடு கெட்டதுதான் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. அதனால் பாட்டை மாற்றிக்கொண்டார்.

“அந்தப் பிள்ளை அஜாக்கிரதையா ஏதோ உப்பக் கரைச்சு ஊத்தியிருக்கு சார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எனக்கே இப்பத்தான் தெரியும்.” குரலில் அப்படி ஒரு வருத்தம்! கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியை வேறு துடைத்துக்கொண்டார்.

பத்மப்ரியா, “சார்தான் ஊத்தச் சொன்னாங்க. ஸ்டோர்ல வச்சு, அற்புதமணி அக்கா முன்னாலதான் சொன்னாங்க” என்றாள்.

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார். “அப்படியாம்மா? நீங்க கேட்டீங்களா?”

எனக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. என் பென்ஷன் ஃபைலைப் பார்க்கிற கமிட்டியில் பிரைட்டன் ஒரு ஆள். அவர் நினைத்தால் அதை ஒரு வருஷம் தூங்கவைக்கலாம். உப்பைக் கண்டும் பேசாமல் இருந்தாயே என்று என்னையும் கேட்பார்கள். இதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குள் என் தலைக்குள் ஓடியது. ‘புக்க எழுதினவன் தூத்துக்குடிக்காரனா’ என்ற பேச்சுகூட அப்படியே காதில் இருந்தது.

“ஞாபகம் இல்ல சார்” என்றேன். “ஸ்டோருக்கு தெனம் எத்தனையோ பேரு வாராங்க.”

பத்மப்ரியா ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் அந்த அறையில் இருந்தவரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை.

பிரின்சிபால் சமாதானம் செய்துவைத்தார். உப்பை ஊற்றியது தன் தவறுதான் என்று பத்மப்ரியா மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். அதற்குப் பதிலாக, பிரைட்டன் பெருந்தன்மையோடு அவளை மன்னித்து, சரியான உப்போடு எல்லாவற்றையும் மறுபடி செய்ய மார்ச்வரை அனுமதித்து, ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார். பெருந்தன்மை என்ற வார்த்தை பிரின்சிபாலுடையது. கடிதத்தை அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். ராஜகோபாலன் அரை நிமிஷத்தில் கையெழுத்துப் போட, பொட்டாசியம் குளோரைடு பாட்டிலை மறுநாள் காலையில் நானே கொண்டுபோய் லேபில் வைத்தேன்.

மூன்று வருஷ வேலையை அவள் நான்கு மாதத்தில் செய்தாள். கிறிஸ்துமஸ் கிடையாது, பொங்கல் கிடையாது, வைகுண்ட ஏகாதசிக்குக்கூட ஊரில் இல்லை. மேடு எல்லோருக்கும் விழுகிற இடத்திலேயே விழுந்தது. செம்பு உலகத்தில் எல்லா ஊரிலும் எப்படிக் கரைகிறதோ அப்படியேதான் தூத்துக்குடியிலும் கரைகிறது என்று ஆய்வேட்டில் எழுதினாள். எலக்ட்ரோடு கெட்ட கதையையும் தேதி வாரியாக ஒரு அத்தியாயமாக வைத்திருந்தாள். பிரைட்டன் அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். “ஆய்வேட்டுக்கு அது வேண்டாம், அசிங்கமா இருக்கும்” என்றாராம். எடுத்துவிட்டாள்.

ஏன் எடுக்கச் சொன்னார் என்பது பிப்ரவரியில் தெரிந்தது. பிரைட்டனின் புதுக் கட்டுரை வெளிவந்தது. உப்பளத்து உப்பு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடை எப்படிக் கெடுக்கிறது, மழைக்காலத்தில் பிழை ஏன் கூடுகிறது, ஆராய்ச்சியாளர்கள் எப்படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று பத்துப் பக்கம். அந்த நாற்பத்தொன்று அதில் இருந்தது. அவள் நோட்டில் குறித்த தேதிகள் ஒன்றுவிடாமல் இருந்தன. முதல் பெயர் பிரைட்டன். இரண்டாவது பெயர், உப்பு சாம்பிள் கொடுத்து உதவியதற்காக, மச்சான் ஜெஃப்ரி. மூன்றாவதுதான் பத்மப்ரியா. மறுபடியும் மக்ரூன் வந்தது. இரண்டு கல்லூரிகளில் இவரைக் கூப்பிட்டு ‘ஆராய்ச்சியில் நேர்மை’ என்ற தலைப்பில் பேசவைத்தார்கள். போய்ப் பேசிவிட்டுச் சால்வையோடு வந்தார். வெட்கம் என்ற ஒன்றை அந்த மனிதருக்குக் கடவுள் வைக்க மறந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மார்ச் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, கண்ணாடிச் சாமான்களைத் திருப்பித் தர பத்மப்ரியா ஸ்டோருக்கு வந்தாள். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மேஜையில் வரிசையாக அடுக்கினாள். கட்டுரை வந்த நாளிலிருந்து எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது அன்றைக்கு வெடித்துவிட்டது.

“ஏளா, உனக்கு ரோஷமே கிடையாதா? நீ கண்டுபிடிச்சதத் தன் பேர்ல போட்டுக்கிட்டு அந்த ஆளு ஊர் ஊராப் போயிப் பேசுதான். நீ வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு நிக்கே. நாலு பேருகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

“யாருக்கா நம்புவா? உப்ப ஊத்தினது நான்தான்னு என் கைப்பட எழுதின லெட்டர் பிரின்சிபால் ரூம்ல இருக்கு.”

“அத எதுக்குளா எழுதிக் குடுத்தே? அங்கன வச்சே முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கணும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு...”

கடைசி பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“நீங்க ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க இல்லக்கா, அதனாலதான் எழுதினேன்.”

கோபத்தில் சொல்லவில்லை. குத்திக்காட்டுகிற குரலும் இல்லை. நான் காரணம் கேட்டேன், அவள் காரணத்தைச் சொன்னாள். சாமான்களை நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்வரை நின்றாள். “வரேன்கா” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

பிரைட்டன் பொய் சொன்னது தன் பெயருக்காக. நான் சொன்னது எதற்காக என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அவள் கேட்காமலே போனது இன்றைக்கும் என்னை அறுக்கிறது.